கிளிப் கழற்றியாச்சு, இனி எந்த ரிடெய்னர்: ஹாலியா, கிளியரா, ஒட்டும் கம்பியா?

கிளிப் கழற்றுகிற அன்று எல்லோரும் கண்ணாடியில் பல்லைப் பார்ப்பதிலேயே மும்முரமாக இருப்பார்கள், நேராக்கிய பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்கும் ரிடெய்னர் பற்றி டாக்டர் சொல்வது பாதிக் காதில்தான் விழும். அப்புறம் ஒருநாள் ஞாபகம் வந்து "இதில் எது நல்லது?" என்று கேட்டால் "மூணுமே நல்லதுதான்" என்று பதில் வரும். பொய் இல்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. மூன்றும் பல்லைப் பிடித்து வைக்கும். வேறுபடுவது அவை எப்படிக் கைவிடும் என்பதிலும், கைவிட்டது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்பதிலும்தான். நான் இவற்றை எடை போடுவது அதை வைத்துத்தான்.

பல் ஏன் திரும்பிப் போகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்லைச் சுற்றியுள்ள ஈறு நார்களில் கொலாஜன் நார்கள் புது இடத்துக்குப் பழக நாலு முதல் ஆறு மாதம் ஆகும், பல்லின் கழுத்தருகே இருக்கும் மீள்தன்மை நார்கள் ஒரு வருடம் வரைகூட எடுத்துக்கொள்ளும். திருகியிருந்து நேராக்கிய பல் முதலில் திரும்புவது இவற்றால்தான். "அப்படியென்றால் ஒரு வருடம் போட்டால் போதுமே" என்று தோன்றும். போதாது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் குழுவினர், முன்கடைவாய்ப் பற்களை எடுத்துச் சீரமைத்த 65 பேரை, ரிடெய்னரை நிறுத்திப் பத்து வருடம் கழித்துப் பார்த்து 1981-இல் வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பேருக்குக் கீழ் முன்பற்கள் திருப்தியில்லாத அளவுக்கு மறுபடி நெருக்கியிருந்தன. வயது ஏறினால் சிகிச்சையே செய்யாதவர்களுக்கும் கீழ்வரிசை நெருங்கத்தான் செய்கிறது. (இதற்கு ஞானப்பல் மேல் பழி போடுவது வழக்கம், ஆனால் அதைப் பிடுங்கினால் முன்பல் நெருக்கம் நிற்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.) ஆக, எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதோடு ரொம்ப வருடம் குடித்தனம் நடத்த வேண்டும்.

ஹாலிதான் மூத்தது. சார்ல்ஸ் ஹாலி என்ற பல் சீரமைப்பு டாக்டர் வடிவமைத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அண்ணத்தில் ஒரு அக்ரிலிக் தட்டு, முன்பல்லுக்கு வெளியே ஒரு ஸ்டீல் கம்பி, கடைவாயில் பிடித்துக்கொள்ள ஆடம்ஸ் கொக்கி. பேச்சு கொஞ்ச நாள் குழறும், 'ச' வருகிற இடமெல்லாம் காற்று போகும், சிரித்தால் கம்பி தெரியும். கல்லூரிப் பிள்ளைகள் இதை டப்பாவில் வைத்துவிட்டு மறந்துபோவதற்கு இந்த மூன்று காரணமே தாராளம். ஆனால் மற்ற இரண்டும் செய்யாத வேலைகளை இது செய்யும். மேல்பல், கீழ்ப்பல் கடிக்கும் பரப்பை மூடாது என்பதால் கிளிப் கழற்றிய பிறகு கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார வழி விடும். சின்ன இடைவெளி வந்துவிட்டால் கம்பியில் உள்ள வளைவைக் கொஞ்சம் நெருக்கி மூடலாம். மேல்தாடையை அகலப்படுத்திய கேஸ்களில் அந்த அகலத்தைத் தாங்கும் விறைப்பு அக்ரிலிக்குக்கு உண்டு, மெல்லிய பிளாஸ்டிக்குக்கு அந்த அளவு கிடையாது. நன்றாக வைத்துக்கொண்டால் பல வருடம் உழைக்கும்.

நம்மூரில் பல் எடுத்து கிளிப் போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பல் துருத்தலுக்காக நாலு முன்கடைவாய்ப் பற்களை எடுத்திருப்பார்கள். சாதாரண ஹாலியில் முன்கம்பி கோரைப்பல்லுக்குப் பின்னால்தான் உள்ளே இறங்கும், அதாவது பாடுபட்டு மூடிய அதே இடைவெளி வழியாக. அந்தக் கம்பியே ஆப்பாகி இடைவெளியைத் திறந்துவிடலாம். இதைத் தவிர்க்க முன்கம்பியை ஆடம்ஸ் கொக்கியோடு சால்டர் செய்வார்கள், அல்லது கடைசிப் பல்வரை சுற்றிப் போகும் பெக் ரிடெய்னர் தருவார்கள். பல் எடுத்த கேஸ் என்றால் அளவு எடுக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள், ஒரு நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கிளியர் ரிடெய்னர் இன்று எல்லோரும் கேட்டு வாங்குவது. பல் அச்சின் மேல் முக்கால் அல்லது ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கிப் படியவைத்து வெட்டுவது, அவ்வளவுதான். தெரியாது, பேச்சு அதிகம் குழறாது, செய்யவும் மலிவு. ஹாலியோடு நேருக்கு நேர் மோதிய நல்ல ஒப்பீடு 2007-இல் இங்கிலாந்தில் வந்தது. 397 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், குறிப்பாகக் கீழ் முன்பற்களை கிளியர்தான் நன்றாகப் பிடித்திருந்தது. சராசரி வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான், ஆனால் கீழ் வரிசையில் அந்த வித்தியாசம் கண்ணில் படக்கூடியது. நாள் முழுக்கப் போட்டவர்களுக்கும் இரவு மட்டும் போட்டவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அதற்காக நீங்களாகவே முதல் வாரத்திலிருந்து இரவுக்கு மாறிவிடாதீர்கள், நேரத்தை உங்கள் கேஸைப் பார்த்த டாக்டர் முடிவு செய்யட்டும்.

கிளியரின் குறைகளும் சாதாரணமானவை அல்ல. வெந்நீரில் போட்டால் சுருங்கி வளைந்துவிடும், போட்டுக்கொண்டே சாப்பிட்டால் குழம்பு மஞ்சள் ஏறிவிடும். அதைவிட மோசம், மாட்டிக்கொண்டு கூல்டிரிங்க்ஸோ சர்க்கரை போட்ட காபியோ குடிப்பது, ஏனென்றால் சர்க்கரையும் அமிலமும் பல்லோடு ஒட்டி உள்ளேயே நிற்கும், எச்சில் வந்து கழுவ வழியில்லாமல் எனாமல் வெளுத்துப்போகும். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் இதைச் சீக்கிரம் ஓட்டை போட்டுவிடுவார்கள். கடைசிக் கடைவாய்ப் பல்லை மூடாமல் குட்டையாக வெட்டிக் கொடுத்தால் மூடாத அந்தப் பல் காலப்போக்கில் நீண்டு வந்து கடியையே கெடுக்கலாம். ஆனாலும் எனக்கு இதில் பிடித்த விஷயம், கெட்டுப்போனால் உடனே தெரிந்துவிடும் என்பது. விரிசல் விட்டால் நாக்கில் உறுத்தும், தொலைந்தால் டப்பா காலியாக இருக்கும், நாலு நாள் விட்டுப் போட்டால் இறுக்கமே சொல்லிவிடும்.

ஒட்டும் கம்பி நேர் எதிர். கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கம் ஒரு கம்பியை காம்போசிட் (பல் அடைக்கப் பயன்படும் பிசின்) வைத்து ஒட்டிவிடுவார்கள். யாருக்கும் தெரியாது, நீங்கள் ஞாபகம் வைத்துப் போட வேண்டிய வேலையும் இல்லை. சோம்பேறிகளுக்கு இதுதான் சரி என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போடுவதற்குத்தான் இது சோம்பேறிகளுக்கு வசதி, பராமரிக்க சுறுசுறுப்பு வேண்டும். அந்த இடத்தில் பற்காரை சீக்கிரம் படியும், கம்பிக்கு அடியில் நூல் விட்டு அல்லது குட்டி பிரஷ் நுழைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். தட்டை, கெட்டி முறுக்கு, பொங்கல் கரும்பு எல்லாவற்றையும் முன்பல்லால் கடித்து இழுத்தால் எங்காவது ஒட்டு விடும்.

இதிலும் இரண்டு வகை. பல இழை முறுக்கிய மெல்லிய கம்பியை ஒரு கோரைப்பல்லில் இருந்து மறு கோரைப்பல்வரை ஆறு பல்லிலும் ஒட்டுவது ஒன்று. தடித்த கம்பியை இரண்டு கோரைப்பல்லில் மட்டும் ஒட்டி நடுவில் உள்ள நாலு பல்லை வெறுமனே தொட்டுக்கொண்டு போக விடுவது இன்னொன்று. முதலாவது ஒவ்வொரு பல்லையும் பிடிக்கும், ஆனால் ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டால் கம்பி அசையாது, வலிக்காது, அந்தப் பல் மட்டும் மெல்ல நழுவிக்கொண்டிருக்கும். இரண்டாவதில் ஒரு முனை விட்டாலே வாயில் ஆடும், அன்றைக்கே போன் வந்துவிடும், சுத்தம் செய்வதும் சுலபம், ஆனால் நடுப்பற்கள் லேசாகத் திரும்பக்கூடும். கட்டாயம் இழைக்கம்பிதான் என்ற நிலை இல்லாவிட்டால் இரண்டாவதை யோசிக்கலாம் என்பேன்.

இழைக்கம்பியில் அரிதாக இன்னொரு தொல்லையும் உண்டு. ஒட்டு எல்லாம் சரியாகவே இருக்கும், கம்பி மட்டும் வளைந்தோ முறுக்கு தளர்ந்தோ தானாக விசை கொடுக்கத் தொடங்கும். ஒரு கோரைப்பல் மெதுவாகச் சாயும், அல்லது ஒரு வெட்டுப்பல்லின் வேர் ஈறுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வரும். ரிடெய்னர் இருக்கிறதே என்ற தைரியத்தில் வருடக்கணக்கில் யாரும் பார்ப்பதில்லை. கம்பி ஒட்டியவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது காட்டியே ஆக வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

சரி, என் தேர்வு? வழக்கமான கேஸ் என்றால் மேலே கிளியர், கீழே கம்பி. நடுவில் பெரிய இடைவெளி இருந்து மூடியவர்கள், ஈறு நோயால் எலும்பு குறைந்தவர்கள், மோசமாகத் திருகிய பல் இருந்தவர்கள், இவர்களுக்கு ஒட்டும் கம்பி கிட்டத்தட்ட கட்டாயம், அதற்கு மேல் இரவில் ஒரு கிளியர் போட்டால் கம்பி விட்டாலும் பல் தப்பிக்கும். அகலப்படுத்திய தாடைக்கும், கடி இன்னும் பொருந்தி உட்கார வேண்டியவர்களுக்கும் ஹாலி. வேலைக்காக வெளிநாடு போகிறவர், செக்கப்புக்கு வர வழியே இல்லை என்றால் கம்பியை விட்டுவிட்டு இரண்டு செட் கிளியர் வாங்கிக்கொள்ளலாம், பல்லை ஸ்கேன் செய்த ஃபைலையும் கேட்டு வாங்கி வைத்தால் எந்த ஊரிலும் அச்சடித்துப் புதிதாகச் செய்துகொள்ளலாம். கிளிப்புக்குப் பதில் அலைனர் (பல்லை நகர்த்தும் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை) போட்டு முடித்தவர்களும் இதே வரிசையில்தான், அவர்களுக்கு மட்டும் நார்கள் தனி தர்மம் பார்ப்பதில்லை. இதெல்லாம் என் அபிப்பிராயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த ரிடெய்னர் உசத்தி என்று அடித்துச் சொல்லப் போதுமான உறுதியான சான்று இல்லை என்றுதான் இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அலசலே சொல்கிறது.

ரொம்ப நாள் போடாமல் விட்ட கிளியரை இப்போது எடுத்துப் பார்க்கிறீர்களா? கையால் அழுத்தியதும் முழுசாக உட்கார்ந்து, இறுக்கம் மட்டும் இருந்தால் சில இரவுகள் தொடர்ந்து போடுங்கள், பெரும்பாலும் தளர்ந்துவிடும். ஓரத்தில் இடைவெளி விட்டு நிற்கிறது என்றால் கடித்து உட்கார வைக்காமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.