உரிமக் கோப்பு எங்கே? எக்செல், கோரல், கோஹா, ஃபோலியோ: ஒரு சிறு நூலகத்தின் பார்வை

திருகோணமலைக்கு அருகிலுள்ள உப்புவெளியில் இருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தார். நீரிழிவுக்கான சித்த மருந்துகள் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் தாளில் குறித்துக்கொண்டு வந்திருந்தார். நாங்கள் சந்தா கட்டும் மின்சஞ்சிகைத் தொகுப்பொன்றில் அது இருந்தது. திறந்து காட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் அவர் எங்கள் மாணவரும் அல்லர், ஊழியரும் அல்லர். வெளியார் ஒருவர் நூலகத்துக்குள் அமர்ந்து வாசிக்க, வழங்குநருடன் நாங்கள் கையொப்பமிட்ட பயன்பாட்டு உரிமம் இடம் தருகிறதா? உரிம விவரங்களைக் குறித்து வைத்திருக்கும் எக்செல் கோப்பைத் திறந்தேன். "வெளியார் அனுமதி" என்ற நிரலில், அந்தத் தொகுப்புக்கு நேரே "ஆம்?" என்று இருந்தது. கேள்விக்குறியோடு.

அதை எழுதியவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மாற்றலாகிப் போய்விட்டார். "சேர், கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கையொப்பமிட்ட உரிமத்தைத் தேடத் தொடங்கினேன். அலுமாரிக் கோப்பில் இல்லை. நிதிப் பிரிவில் விலைப்பட்டியல் மட்டுமே இருந்தது. மாற்றலாகிப் போனவர் தமது பழைய மின்னஞ்சலில் இருந்து பிடிஎஃப் பிரதியை அனுப்பியபோது மதியச் சாப்பாட்டு நேரம் கடந்துவிட்டது. உரிமம் இடம் தந்திருந்தது. ஆசிரியர் வீரகேசரி நாளிதழை முழுவதும் வாசித்து முடித்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போயிருந்தார்.

இப்படிச் சந்தா கட்டிப் பெறும் மின்வளங்களின் பதிவுகளை எதில் வைத்திருப்பது என்று நாங்கள் உட்கார்ந்து யோசித்தது அதற்குப் பிறகுதான். எங்கள் நிலைமை இது: மின்வளங்களைப் பார்ப்பவர்கள் இருவர், அவர்களுக்கும் பட்டியலாக்க வேலை தனியாக உண்டு. இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றைப் போல இங்கும் நூற்பட்டியல் கோஹா என்னும் நூலக மென்பொருளில் இருக்கிறது. மொத்தம் 17 உரிமங்கள். மின்வளங்களை நிர்வகிக்கும் மென்பொருளான கோரலை ஒரு பழைய கணினியில் நிறுவினோம், கோஹாவின் புதிய பதிப்பைச் சோதனைக்கென்று தனியாக ஏற்றினோம், இன்னொரு நூலக மென்பொருளான ஃபோலியோவை அதன் பொதுச் செயல்விளக்கத் தளத்தில் பார்த்தோம். எல்லாவற்றிலும் அந்த ஒரே உரிமத்தைப் பதிந்து பார்த்தோம்.

முதலில் எக்செல். அதை இகழ எனக்கு மனமில்லை. பத்து ஆண்டுகளாக எங்களைத் தாங்கியது அதுதான். 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டிய நாட்களில், மடிக்கணினியில் மின்கலம் உள்ளவரை திறந்துகொண்டிருந்ததும் அதுதான். தலைப்பு, வழங்குநர், விலை, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி ஆகியவற்றுக்கு அதை மிஞ்சிய கருவி தேவையில்லை. அது சறுக்குவது உறவுகளில். ஒரு உடன்படிக்கையின் கீழ் மூன்று தொகுப்புகள், ஒரு தொகுப்பில் நானூறு சஞ்சிகைகள், நடுவே உரிமம் மாறிய ஒரு ஆண்டு என்று வரும்போது ஒரே செய்தியை மூன்று தாள்களில் எழுதுகிறோம். பிறகு ஒன்றை மட்டும் திருத்துகிறோம். நிபந்தனையை ஒரு சொல்லில் அடைக்கும் பழக்கத்தையும் அது கொடுத்துவிட்டது. "ஆம்" என்றால் எதற்கு ஆம்? வாசிக்கவா, அச்சிடவா, பென் டிரைவில் கொண்டுபோகவா?

அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தலைவலி குறைவு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நூலகங்களுக்குத் தரும் விலக்குகளைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலும் போதும். மின்வளத்தில் ஒவ்வொரு வழங்குநருடனும் தனித்தனியே கையொப்பமிடுகிறோம். ஒருவர் வேறு நூலகத்துக்குக் கட்டுரை அனுப்ப விடுவார், இன்னொருவர் அச்சிட்டுத் தபாலில் அனுப்பினால் மட்டும் விடுவார், மூன்றாமவர் அதைப்பற்றி வாயே திறந்திருக்க மாட்டார்.

இந்த இடத்தில் கோரல் என்னைக் கவர்ந்தது. அமெரிக்காவின் நொத்ர டேம் பல்கலைக்கழக நூலகத்தில் உருவாகித் திறந்த மூலமாக வெளிவந்தது. உரிமங்களுக்கென்றே அதில் ஒரு தனிப் பகுதி இருக்கிறது. கையொப்பமிட்ட ஆவணத்தை ஏற்றிவிட்டு, அதிலுள்ள ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனியாகப் பிரித்து எழுதலாம்: நூலகங்களுக்கு இடையிலான இரவலுக்கு இந்த வாசகம், அனுமதி உண்டு, வெளியார் பயன்பாட்டுக்கு இந்த வாசகம், வளாகத்துக்குள் மட்டும். உரிமத்தின் மூல வாசகத்தையே எடுத்து ஒட்டச் சொல்வதால் கேள்விக்குறி போட்டுத் தப்ப முடியாது. சந்தா முடிவதற்கு இத்தனை நாள் முன்பு மின்னஞ்சல் அனுப்பு என்றும் சொல்லி வைக்கலாம். அறிவித்தல் தராவிட்டால் தானாகவே புதுப்பிக்கப்படும் உரிமங்கள் உண்டு. அறுபது நாள், தொண்ணூறு நாள் முன்னறிவித்தல் கேட்பவை அவை. அத்தகைய ஒன்றில் தேதியைத் தவறவிட்டு ஒரு வருடம் வேண்டாத சந்தாவைக் கட்டியிருக்கிறோம். அதனால் இந்த வசதியின் அருமை தெரியும்.

பிஎச்பி நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் தெரிந்த ஒருவர் இருந்தால் சிறிய கணினியிலும் கோரல் ஓடும். சிக்கல் வேறு இடத்தில். நாங்கள் நிறுவிய அளவில் கோரலுக்கும் எங்கள் நூற்பட்டியலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வழங்குநர் பெயரை இரண்டு இடத்தில் எழுத வேண்டும், தலைப்புகளை இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். பராமரிக்க இன்னொரு சேர்வரும் வேண்டும். கடற்கரை ஊரில் சேர்வர் வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் சோதனைக் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றியபோது திருகாணிகள் துருவேறி இருந்தன.

கோஹா நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருள். மின்வளப் பகுதி அதற்குப் பிந்திப் பிறந்த பிள்ளை, 22.11 பதிப்பில்தான் வந்தது. அதில் உடன்படிக்கை (எதை, எந்தக் காலத்துக்கு வாங்குகிறோம் என்பது) ஒரு பதிவு, உரிமம் (அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பது) வேறொரு பதிவு. இரண்டையும் பிணைக்கும்போது இந்த உரிமம் நடப்பில் உள்ளதா, இனி வரவிருப்பதா, பழையதா என்று குறிக்கலாம். உடன்படிக்கையில் தொடக்கம், முடிவு, நிறுத்துவதற்கான கடைசித் தேதி எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. நிரந்தர அணுகல் உண்டா என்று குறிக்கவும் ஒரு புலம் இருக்கிறது.

அந்தக் கடைசிப் புலம் சிறியதுதான், ஆனால் எங்களுக்குப் பெரியது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதத்துக்குள் 360ஐ எட்டியது. சந்தாக்களோ டொலரில். ஒதுக்கீடு ரூபாயில், அதுவும் முந்திய ஆண்டே கணக்கிட்டது. சிலவற்றை நிறுத்தினோம். நிறுத்திய பிறகுதான் கேள்வி எழுந்தது: காசு கட்டிய ஆண்டுகளின் இதழ்களையாவது இனியும் திறக்கலாமா? எக்செலில் அதற்கு நிரலே இல்லை. உரிமங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்ததில் இரண்டு தொகுப்புகளில் அந்த உரிமை எங்களுக்கு இருந்தது தெரிந்தது. கேட்டு எழுதினோம், திறந்துவிட்டார்கள். கேட்காமல் இருந்திருந்தால் அவர்களாகத் தேடி வந்து தந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

கோஹாவின் குறை, கோரலின் நிறைவு இருக்கும் அதே இடத்தில் இருக்கிறது. நாங்கள் சோதித்த நிறுவலில் உரிமப் பதிவில் விவரிப்புக்கென்று ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. நிபந்தனைகளைப் பிரித்து வைக்கத் தனிப் புலங்கள் அதில் இருக்கவில்லை. ஆவணத்தை இணைக்கலாம், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாமே ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். மறுபக்கத்தில், நூற்கொள்வனவுப் பகுதியில் ஏற்கெனவே இருக்கும் வழங்குநர் பட்டியலையே அது எடுத்துக்கொள்கிறது. தொகுப்பில் சேர்க்கும் தலைப்பை நூற்பட்டியலிலும் பதிவாகும்படி செய்யலாம். பின்வந்த பதிப்புகளில் பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களையும் கவுன்டர் தரத்தில் (மின்வளப் பயன்பாட்டை எண்ணுவதற்கான பொதுத் தரம்) உள்ளிழுக்கிறது. (கவுன்டர் என்றதும் புத்தகம் கொடுக்கும் மேசை என்று நினைத்துக்கொண்டு புதிய உதவியாளர் ஒருவர் இரவல் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.)

ஃபோலியோவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. உரிம நிபந்தனைகளை நமக்கு வேண்டியபடி வரையறுக்கலாம், ஊழியருக்கு ஒரு குறிப்பு, வாசகருக்கு ஒரு குறிப்பு என்று பிரித்து எழுதலாம். நான்கிலும் அழகான வடிவமைப்பு அதற்குத்தான். 2019இல் சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகம் முதலில் அதற்கு மாறியது. ஆனால் அது பல சிறு சேவைகள் சேர்ந்து இயங்கும் பெரிய எந்திரம். அதைத் தனியே நிறுவிக் காப்பாற்ற ஒரு கணினிப் பிரிவே வேண்டும். மீன்குழம்பு வைக்க மண்சட்டி போதும் என்னும்போது கல்யாண அண்டாவை ஏன் அடுப்பில் ஏற்றுவான்? அல்மா போன்ற வணிக மென்பொருட்களையும் இதே மூச்சில் ஒதுக்கினோம். சந்தாக்களைப் பார்த்துக்கொள்வதற்கு டொலரில் இன்னொரு சந்தா கட்டும் காரியம் அது.

நாங்கள் கோஹாவை எடுத்தோம், கோரலின் ஒழுங்கைத் திருடிக்கொண்டு. விவரிப்புப் பெட்டியில் எல்லா உரிமத்துக்கும் ஒரே வரிசையில் எட்டு வரிகள்: வெளியார், வளாகத்துக்கு வெளியிலிருந்து அணுகல், நூலகங்களுக்கு இடையிலான இரவல், பாடத்தொகுப்பு, அச்சிடல், நிரந்தர அணுகல், நிறுத்தல் அறிவித்தல், எந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு. ஒவ்வொரு வரியின் முடிவிலும் உரிமத்தின் பிரிவு எண். பிரிவு எண் இல்லாத வரியைச் சேமிக்கக் கூடாது என்பது எங்களுக்குள் பேசிக்கொண்ட விதி, மென்பொருள் அதைக் கட்டாயப்படுத்தாது. ஒரு உரிமத்தை வாசித்து எழுத எனக்கு ஏறத்தாழ அரைநாள் போகிறது. தரவை ஏற்றுவதற்கு ஆகும் நேரம் அதில் பத்து நிமிடம்தான். எந்த மென்பொருளை எடுத்திருந்தாலும் மிச்ச நேரம் குறைந்திருக்காது.

முடிவுத் தேதிகளை மட்டும் இன்னமும் எக்செலில் ஒரு தாளாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். மின்சாரம் போனாலும் சுவர் தெரியும்.

முதலில் பதிந்தது அந்தச் சித்த மருத்துவக் கட்டுரை இருந்த தொகுப்பைத்தான். 17இல் 13 முடிந்துவிட்டது. மீதி நான்குக்குக் கையொப்பமிட்ட பிரதி எங்களிடம் இல்லை. வழங்குநர்களுக்கு எழுதியிருக்கிறோம். ஒருவர் மட்டும் பதில் போட்டிருக்கிறார், எங்களிடம் உள்ள பிரதியை அவருக்கு அனுப்பச் சொல்லி.