முதல் காரணம்: ஒரே கடற்கரையில் மூன்று வாதங்கள்

"எல்லாவற்றுக்கும் காரணம் உண்டென்றால் கடவுளுக்குக் காரணம் என்ன?" தொண்டி முதல் கீழக்கரை வரை எந்த டீக்கடையில் பேச்சு எழுந்தாலும் முதலில் விழும் கேள்வி இதுதான். ஆனால் உலகுக்கு ஒரு முதல் காரணம் உண்டு, அதுவே கடவுள் என்ற வாதத்தை முறையாக வைத்தவர்கள் "எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு" என்று சொன்னதே இல்லை. அவர்கள் சொன்னது மூன்று வெவ்வேறு சங்கதி. ஒன்றை உடைக்கும் மறுப்பு அடுத்ததைத் தொடுவதுகூட இல்லை.

கீழக்கரை மதரசா மரபுக்குப் பழக்கமான கலாம் (இஸ்லாமிய இறையியல்) வாதம் சொல்ல எளிது. தொடக்கம் உள்ள எதற்கும் காரணம் உண்டு. உலகுக்குத் தொடக்கம் உண்டு. ஆகவே அதற்கும் காரணம் உண்டு. பாரமெல்லாம் இரண்டாம் அடியில். இமாம் கஸ்ஸாலி 1095இல் முடித்த, மெய்யியலாளரை மறுக்கும் நூலான தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபாவில் வானத்தைக் காட்டுகிறார். சூரியனுக்கு ஒரு சுற்று ஓராண்டு, சனிக்கு 30 ஆண்டு. காலம் தொடக்கமற்றது என்றால் இரண்டின் சுற்றுகளும் முடிவிலி. ஆனாலும் ஒன்று மற்றதைவிட 30 மடங்கு. அந்த எண்ணிக்கை ஒற்றையா, இரட்டையா? விடை இல்லை, ஆகவே தொடக்கமற்ற காலமும் இல்லை என்பது அவர் வாதம். 19ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் கான்டர் வந்து, முடிவற்ற கணத்தில் பகுதியும் முழுமையும் ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்தலாம், அதில் முரண் இல்லை என்று காட்டிவிட்டார். கணக்கில் முரணில்லை என்பதால் நடப்பில் இருக்க முடியும் என்று ஆகாது என்பது 1979இல் இவ்வாதத்தைப் புதுப்பித்த அமெரிக்க மெய்யியலாளர் கிரெய்க்கின் பதில். அது நியாயமான பதில்தான். பெருவெடிப்பைத் துணைக்கு அழைப்பதுதான் அவசரம். 1380 கோடி ஆண்டு என்பது விரிவு தொடங்கிய கணக்கு. அதற்கு முன் எதுவுமே இல்லை என்ற சான்று அல்ல. இன்னொரு வேடிக்கை, நெருப்பு பஞ்சை எரிப்பதில் கட்டாயத் தொடர்பு இல்லை என்று அதே நூலில் எழுதியவரும் கஸ்ஸாலிதான். உண்மையான காரணம் விருப்பமுள்ள கர்த்தா மட்டுமே என்பது அவர் நிலை. அந்த நிலையை ஏற்காதவருக்கு முதல் அடியே ஆட்டம் காணும்.

தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கரின் மறைவல்லுநர் தாமஸ் அக்குவினாஸ் இதை ஏற்கவில்லை. உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பது விசுவாசம், பகுத்தறிவால் நிறுவ முடியாது என்றார். தாத்தா, அப்பா, மகன் என்ற சங்கிலி முடிவின்றிப் பின்னே போகட்டும், அவருக்குக் கவலையில்லை; தாத்தா இறந்தபின்னும் மகன் பிள்ளை பெறுவான். அவர் பிடிப்பது இந்த நொடியின் சங்கிலி. விசைப்படகு கயிறு கட்டி வத்தைகளை, அதாவது என்ஜின் இல்லாத சிறு படகுகளை, இழுத்து வருகிறது. ஒவ்வொன்றையும் முன்னால் உள்ளது இழுக்கிறது. எத்தனை வத்தை சேர்த்தாலும் என்ஜின் இல்லாமல் வரிசை நகராது. இருத்தலும் அப்படியே, இப்போதே ஒருவர் தாங்க வேண்டும் என்கிறார். ஆனால் என்ஜினை அணைத்தாலும் வத்தை கொஞ்ச தூரம் ஓடத்தானே செய்கிறது? இருப்பதும் அதுபோலத் தானே தொடரலாம் என்பதே இன்றைய விமர்சகர்களின் கூர்மையான கேள்வி. இருத்தல் ஓட்டம் அல்ல என்பது ஆதரவாளர் பதில். அக்குவினாஸின் மெய்யியலை முன்பே ஒப்பியவருக்குத்தான் அது போதும்.

ராமேஸ்வரம் பக்கம் சைவ சித்தாந்தம் வேறு வழியில் போகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதம், அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதால் ஒடுக்கியவனிடமிருந்தே மீண்டும் தோன்றும் என்கிறது. படகுக்கு மரம் முதற்காரணம், உளி துணைக்காரணம், ஓடாவி நிமித்த காரணம். உலகுக்கு மாயை, சக்தி, சிவன். இல்லாதது தோன்றாது என்பது சற்காரியவாதம். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றும் அநாதி. சூனியத்திலிருந்து படைப்பு என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. கஸ்ஸாலியின் ஒற்றை-இரட்டைக் கேள்வி நேராகப் பாய்வது இந்தப் பக்கம்தான்.

ஆனால் பெரிய அடி வேறு இடத்திலிருந்து, மெய்கண்டாருக்குப் பல நூற்றாண்டு முன்பே விழுந்தது. பானையைக் கண்டு குயவனை ஊகிக்கிறோம், ஏனென்றால் குயவன் பானை வனைவதைப் பார்த்திருக்கிறோம். கறையான் புற்றும் மண்தான். அதையும் குயவன் செய்தானா என்று கேட்டார் பௌத்தத் தருக்க அறிஞர் தர்மகீர்த்தி. மண்ணால் ஆனது என்ற ஒற்றுமை போதாது. உலகம் பானையைப் போன்றதா, புற்றைப் போன்றதா? உலகம் உருவாவதை யாரும் கண்டதில்லையே. வேதச் சடங்கை முதன்மையாகக் கொண்ட மீமாம்சை மரபின் குமாரிலர் இன்னும் ஒரு படி மேலே போய், உலகம் முழுதாகத் தோன்றவும் இல்லை, ஒடுங்கவும் இல்லை என்றார். அறிவற்ற வினை தானாகப் பலன் தராது, கூட்டுவிக்க ஒருவர் வேண்டும் என்பதே சித்தாந்தத்தின் பதில். மூன்றிலும் காரணத்தை இவ்வளவு துல்லியமாகப் பிரித்தது இது. தர்மகீர்த்தியின் கேள்வி அதிகம் வலிப்பதும் இதற்குத்தான்.

மூன்றும் ஒருசேர இடறும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு படகுக்கும் ஒரு முதலாளி உண்டு என்பதால் எல்லாப் படகுக்கும் ஒரே முதலாளி என்று ஆகாது. 1779இல் வெளிவந்த 'இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்கள்' நூலில் ஸ்காட்லாந்து மெய்யியலாளர் ஹியூம் கப்பலையே எடுத்துக்காட்டினார்: பலர் சேர்ந்து கட்டுகிறார்கள், உலகைக் கட்டியவர் மட்டும் ஒருவர் என்று எப்படித் தெரியும்? அக்குவினாஸுக்கும் இது தெரிந்திருந்தது. முதல் காரணத்தை, வினாக்களாக அமைந்த தன் இறையியல் தொகுப்பு நூலின் 2ஆம் வினாவிலேயே நிறுவிவிட்ட அவர், அது ஒன்றே என்பதற்கு 11ஆம் வினாவைத் தனியாக எழுதினார்.