நீல நாக்கை நம்பி வாங்கிய வைஃபை டாங்கிள்

ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் 1,450 ரூபாய்க்கு ஏசி1200 வகை டாங்கிள், அதாவது கம்ப்யூட்டரில் செருகி வைஃபை பிடிக்கிற குச்சி, வாங்கினேன். பெட்டியில் யுஎஸ்பி 3.0 (பழைய 2.0-ஐ விட வேகமானது) என்று கொட்டை எழுத்து. "நீலமா இருக்குல்லா அண்ணாச்சி, த்ரீ பாயிண்ட் ஓ தான், கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். நான் மூடவில்லை, பிளக்குக்குள் இருக்கும் நீல நாக்கில் போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்னால் 2.0-க்கான நாலு தகடு, உள்ளே தள்ளி 3.0-க்கான இன்னும் ஐந்து. சரி, நீலச் சாயம் மட்டும் பூசி ஏமாற்றவில்லை.

பெருமாள்புரம் வீட்டுக்கு வந்து லினக்ஸ் மெஷினில் செருகி, செருகிய யுஎஸ்பி சாமான்களைப் பட்டியல் போடும் 'எல்எஸ்யுஎஸ்பி -டி' கட்டளையை அடித்தால் 480எம் (எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 480 மெகாபிட்) என்கிறது. அது 2.0 வேகம். 3.0 என்றால் 5000எம் வர வேண்டும், 12எம் வந்தால் அதைவிடப் பழைய 1.1 வேகம், தலையெழுத்து. அந்த வரி இப்போது ஓடும் வேகத்தைத்தான் சொல்லும், டாங்கிளால் எவ்வளவு முடியும் என்பதை அல்ல. அதற்கு 'டி'க்குப் பதில் 'வி' போட்டு, சூடோவோடு (அட்மின் உரிமையோடு) ஓட்ட வேண்டும். நீளமாகக் கொட்டுகிற எழுத்தில் இந்த டாங்கிளின் பகுதியைத் தேடிப் பிடித்தால், அதன் கடைசியில் 12 எம்பிபிஎஸ், 480 எம்பிபிஎஸ், 5 ஜிபிபிஎஸ் (5000எம்) மூன்றிலும் இயங்கும் என்று வரிசையாக இருந்தது. அப்போ சரக்கு சரி, வேறெங்கேயோ தடங்கல்.

பழைய எக்ஸ்டென்ஷன் ஒயரைக் கழற்றிவிட்டு கேபினட்டின் பின்பக்க நீல போர்ட்டில் நேராகச் செருகினேன், அப்பவும் 480. பிறகுதான் உறைத்தது, புதுச் சாமான் என்று பயந்து பயந்து மெதுவாகச் செருகுகிறேன், முன்னால் இருக்கிற நாலு தகடு முதலில் தொட்டதுமே 2.0 ஆகவே சேர்ந்துவிடுகிறது. ஒரே அழுத்தாக அழுத்தினேன், 5000எம்.

கீழ்வீட்டு கம்ப்யூட்டரிலிருந்து கல்யாண வீடியோ ஃபைல்களை இழுக்கும்போது 480-இல் நொடிக்கு 25 மெகாபைட் வந்தது, இப்போது 45 வருகிறது. வெறும் நூறு எம்பிபிஎஸ் பிளானில் யூடியூப் பார்க்கிறவர்களுக்கு 2.0 டாங்கிளே தாராளம், மிச்சக் காசுக்கு அல்வா வாங்கலாம். இன்னொன்று, 3.0-இல் ஓடும்போது அந்த போர்ட்டே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சிக்னலுக்கு இரைச்சல் போடும், அதனால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையிலேயே சேருங்கள். அரைமணி நேரத்தில் டாங்கிள் நன்றாகச் சுடுகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்துக்கு மூன்றரை.