பல்செட்டுக்கு சாஃப்ட் லைனர் போட்ட அனுபவம், ராமநாதபுரம்

எங்க அம்மாச்சிக்கு கீழ்ப் பல்செட்ட மாட்டுனாலே வலி, ஈறுக்கு அடியில எலும்பு தேஞ்சு மேல தோலும் மெலிசாப் போச்சு. செட்டோட உள்பக்கம் மெத்துன்னு சாஃப்ட் லைனர் ஒட்டணும்னாங்க. மொதல்ல வேற ஒரு எடத்துல போட்டோம், கொஞ்ச நாள்லயே ஓரம் விட்டுருச்சு, அந்த இடுக்குல சோறும் மீனும் போயி உக்காந்து கருப்பா படிஞ்சு ஒரே நாத்தம். இப்ப அரண்மனை பக்கம் ஒரு கிளினிக்ல திரும்ப போட்டுருக்கோம், மண்டபம் பாம்பன் கீழக்கரைன்னு நம்ம பக்கத்துலேர்ந்து பெரியவங்கள கூட்டிட்டுப் போறவங்க நெறைய இருக்கீங்க, அதான் எழுதுறேன்.

அந்த டாக்டரம்மா லைனர கையில எடுக்குறதுக்கு முன்னாடி செட்ட தேய்க்குறதுக்கே பாதி நேரம் எடுத்துக்கிட்டாங்க. பழசு துளிகூட மிச்சமில்லாம சுரண்டிட்டு, அடியில இருக்குற ரோஸ் கலர் அக்ரிலிக் பிளாஸ்டிக்கையும் ராவி, பளபளப்பு போயி வெளுத்து சொரசொரன்னு ஆகுற வரைக்கும் விடல. லைனர் 2 மில்லிமீட்டராவது கனமா இருந்தாத்தான் மெத்துன்னு இருக்குமாம், அதுக்கும் எடம் வேணும்ல. தூள கழுவி நல்லா காயவெச்சு, இனிமே உள்பக்கத்துல யாரு வெரலும் படக்கூடாதுன்னுட்டாங்க, எச்சியோ எண்ணெப்பசையோ பட்டா பிடிக்காது. அப்புறம் சின்ன பிரஷ்ல பிரைமர்ங்குற ஒட்டுத் திரவத்த மெலிசா தடவி காய விட்டு, அதுக்கு மேலதான் லைனர். நம்ம ஊர்ல பைபர் போட்டுக்கு ஒட்டுப் போடுறவங்க பெயிண்ட தேய்ச்சு எடுத்து ஈரம் போனப்புறம்தான ரெசின் அடிக்கிறாங்க, அதே கணக்குதான்.

லைனர்ல சிலிக்கான், அக்ரிலிக்னு ரெண்டு வகை, அம்மாச்சிக்கு போட்டது ரப்பர் மாதிரி இருக்குற சிலிக்கான். அது அக்ரிலிக்கோட தானா ஒட்டாது, நடுவுல பிரைமர்தான் புடிச்சு வெக்குது, அதுவும் அந்தந்த கம்பெனி லைனருக்கு அந்தந்த பிரைமர். அக்ரிலிக் லைனர்னா செட்டோட நல்லா சேந்துக்கும், ஆனா மெதுமைக்கு சேக்குற பிளாஸ்டிசைசர் எச்சில்ல கொஞ்சங்கொஞ்சமா வெளியேறி கெட்டியாயிரும். சிலிக்கான் நாள்பட மெத்துன்னே இருக்கும், அதுல பிரச்சனையே ஒட்டுற எடந்தான். மணல் மாதிரி பொடிய காத்துல பீச்சி சொரசொரப்பாக்குற சாண்ட்பிளாஸ்ட் அடிச்சா இன்னும் புடிக்குமான்னு கேட்டேன், சோதனையில சில நேரம் ஒட்டு கொறைஞ்சும் போயிருக்காம், அதுல விழுற சின்னச் சின்ன குழிக்குள்ள லைனர் சரியா எறங்காம போயிடும்னு சொன்னாங்க.

இப்ப அம்மாச்சி நண்டுக்கொழம்ப ஊத்தி பெசஞ்சு நிம்மதியா சாப்புடுறாங்க, ஓரத்த நகத்தால நெமிண்டிப் பாத்தேன், எங்கயும் எழும்பல. கன்னத்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் உறுத்துச்சு, திரும்பப் போனப்ப பிளேடால சீவி மழுப்பி விட்டாங்க, காசு வாங்கல. சுடுதண்ணி, பிளீச்சிங், முரட்டு பிரஷ் மூணும் கூடாது, ராத்திரி கழட்டி பச்சத்தண்ணியில போட்டு வெக்கணும்.

கொறன்னா காத்திருக்குறதுதான், அப்பாயின்ட்மென்ட் குடுத்தும் ரொம்ப நேரம் உக்கார வெச்சுட்டாங்க, பெரியவங்களுக்கு சாய்ஞ்சு உக்கார சேரும் இல்ல. காலையில மொத ஆளா போற மாதிரி கேட்டு வாங்கிக்கங்க.