நிண்டெண்டோ அமீபோ: பொம்மையின் பீடத்துக்குள் இருக்கும் பூட்டு

2014 நவம்பரில் நிண்டெண்டோவின் வீ யூ விளையாட்டுக் கருவிக்கான ஸ்மாஷ் பிரதர்ஸ் சண்டை விளையாட்டுடன் வெளிவந்த, கருவியில் தொட்டுவைத்தால் விளையாட்டோடு இணையும் கதாபாத்திரப் பொம்மைகளான அமீபோக்களின் வண்ணப்பூச்சையும் வார்ப்பையும் பலரும் எழுதிவிட்டார்கள். நான் மதிப்பிட விரும்புவது பீடத்துக்குள் பதிந்திருக்கும் என்டேக் 215 என்ற என்எஃப்சி சிப்பை, அதாவது அருகில் வைத்தாலே கம்பியின்றித் தரவைப் பரிமாறும் சிப்பை. அதன் மொத்த நினைவகம் 540 பைட்தான். பொம்மைக்கு வைத்த பெயர், உரிமையாளரைக் குறிக்கும் ‘மீ’ என்ற கார்ட்டூன் உருவம், விளையாட்டின் சேமிப்புத் தரவு ஆகியவை அதற்குள் அடங்குகின்றன. ஸ்மாஷ் பிரதர்ஸில் ஒரு குழந்தை பொறுமையாகப் பழக்கி 50ஆம் நிலைவரை வளர்த்த வீரன் இந்தச் சிறு இடத்தில்தான் வாழ்கிறான் என்பதால், அதன் பாதுகாப்பு அற்பமான விஷயமல்ல.

அந்தப் பாதுகாப்பை நேர்த்தியாகவே அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சிப்புக்கும் தொழிற்சாலையிலேயே 7 பைட் அடையாள எண் பதியப்படுகிறது. விளையாட்டுக் கருவி தன்னிடமுள்ள மூலச் சாவியோடு (குறியாக்கத்துக்கு அடிப்படையான இரகசிய எண்) அந்த எண்ணையும், சிப்பில் உள்ள எந்த ஒழுங்குமின்றித் தேர்ந்த ஒரு எண்வரிசையையும், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கையும் சேர்த்து, அந்தப் பொம்மைக்கே உரிய சாவிகளை உருவாக்கிக்கொள்கிறது. அவற்றைக் கொண்டு தரவு ஏஇஎஸ் 128 என்ற முறையில் குறியாக்கம் செய்யப்பட்டு, தரவு மாற்றப்பட்டதா என்று காட்டும் எச்மேக் என்ற முத்திரையும் இடப்படுகிறது. ஒரு பைட் மாறினாலும் முத்திரை பொருந்தாது. தரவை அப்படியே வேறொரு சிப்பில் நகலெடுத்தாலும், அடையாள எண் வேறாக இருப்பதால் கருவி அதை ஏற்காது. 2011இல் வந்த, இதே போல விளையாட்டோடு இணையும் ஸ்கைலாண்டர்ஸ் பொம்மைகள் நம்பிய மைஃபேர் கிளாசிக் வகைச் சிப்பின் கிரிப்டோ 1 குறியாக்கத்தை ஆய்வாளர்கள் 2008இலேயே உடைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால், இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் மூலச் சாவிகள் உலகெங்கும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானவை. இணைய இணைப்பின்றிப் படிக்கவும் எழுதவும் வேண்டியிருப்பதால் அவை கருவிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். அங்கிருந்துதான் வெளியே கசிந்தன. ஏற்கெனவே விற்கப்பட்ட பொம்மைகள் அவற்றையே சார்ந்திருப்பதால் இனி மாற்றவும் வழியில்லை. சாவி கையில் இருப்பவர் தரவைத் திறந்து, திருத்தி, வெற்றுச் சிப்பில் புதிய முத்திரையோடு எழுதிவிட முடிகிறது. எந்தக் கதாபாத்திரம் என்ற தகவல் தொழிற்சாலைக்குப் பிறகு மாறுவதே இல்லை. அதற்காவது, கருவி சரிபார்க்க மட்டுமே முடிகிற, இணைச்சாவி முறையிலான (கையொப்பமிட ஒரு சாவி, சரிபார்க்க வேறொரு சாவி) கையொப்பத்தை வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விளையாடுவதற்காகப் புதிதாக வாங்குபவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பழைய பொம்மையை வாங்குபவர்கள், நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியின் அமைப்புகளில் உள்ள அமீபோ பகுதிக்குச் சென்று முந்தைய உரிமையாளரின் தரவை முதலில் அழித்துவிட வேண்டும். விற்பவர்களும் அதையே செய்ய வேண்டும்.