ஜிபிஎஸ் நல்லதுதான், ஸ்டாண்டுதான் காலை வாரியது

மச்சான் புது கார் எடுத்தபோது பழைய காரில் இருந்த ஜிபிஎஸ் பெட்டியைக் கழற்றி என் தலையில் கட்டிவிட்டார். ஐந்து இன்ச் திரை, கம்பெனி பெயர் வேண்டாம். போனிலேயே மேப் இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள், எனக்கும் அதே சந்தேகம்தான்.

கிருஷ்ணகிரியிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போன அன்றைக்குத் தீர்ந்தது. அஞ்செட்டி தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் போனில் டவர் இல்லை, மேப்பும் பாதியில் நின்றது. பெட்டி மட்டும் அதுபாட்டுக்கு ஒவ்வொரு வளைவையும் காட்டிக்கொண்டே வந்தது, ஏனென்றால் மேப் முழுக்க அதற்குள்ளேயே இருக்கிறது, நாலு செயற்கைக்கோள் சிக்னல் கிடைத்தால் போதும். போனிலும் முன்கூட்டியே மேப்பை இறக்கி வைத்தால் இதே வேலை நடக்கும், நான் இறக்கவில்லை, அவ்வளவுதான்.

மேப் ரொம்பப் பழசு. சேலம் ரோட்டின் எண் 7 என்பது 44 ஆக மாறியது 2010-இல், இது இன்னும் 7 என்றே சொல்கிறது. புது பைபாஸில் போனால் வண்டி வயலில் ஓடுவதாகக் காட்டும். ஒரு மாதம் எடுக்காமல் வைத்துவிட்டால் சிக்னல் பிடிக்கவே சில நிமிஷம் ஆகிறது, வெட்டவெளியில் நிறுத்திப் பிடிக்கவிட்டுக் கிளம்புவது நல்லது.

சரி, பெட்டியை முன் கண்ணாடியில் ஒட்டிப் பிடிக்கும் ஸ்டாண்டுக்கு வருகிறேன். மச்சான் கொடுத்ததில் ரப்பர் வெடித்திருந்ததால் இங்கே ஒரு கடையில் 350 ரூபாய்க்குப் புதுசு வாங்கினேன். கடைப் பையன் டேஷ்போர்டுக்குப் பாலிஷ் போட்ட அதே துணியால் கண்ணாடியையும் துடைத்து, நட்டநடுவில் ஒட்டிக் கொடுத்தான். அடுத்த வாரம் சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில், இரட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், பின்னாடி லாரி வரிசை கட்டி வர, பெட்டி கழன்று டேஷ்போர்டில் உருண்டு என் காலடியில் விழுந்தது. பிரேக்குக்கு அடியில் போயிருந்தால்? நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. இறக்கம் முடிந்து ஓரங்கட்டும்வரை குனியவே இல்லை.

இப்போது நானே மாட்டிவிட்டேன். பாலிஷ் பிசுக்குப் போகக் கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, ஸ்டீயரிங்குக்கு வலது பக்கம் அடியோரத்தில் அழுத்தி ஒட்டினேன், அங்கே ரோட்டை மறைப்பதில்லை. ஏர்பேக் திறக்கும் இடத்துக்கு முன்னால் மட்டும் வைக்காதீர்கள். சார்ஜர் வயரைக் காலில் மாட்டாதபடி ஓரமாக இழுத்துக் கட்டினேன். நம்ம ஊர் ஏப்ரல் வெயிலில் கண்ணாடி கொதிக்கும், ரப்பர் இளகிப் பிடி விட்டுவிடும், அதனால் நிறுத்தும்போதெல்லாம் கழற்றி உள்ளே வைக்கிறேன். அப்புறம் கண்ணாடியில் விழும் வட்ட அச்சையும் துடைத்துவிடுங்கள், உள்ளே பெட்டி இருக்கிறது என்று திருடனுக்கு அதுவே போர்டு மாட்டின மாதிரி.