அம்மாவின் நான்கு ஜெர்மனிப் பயணங்களும் பயணக் காப்பீடும்

தங்கை லைப்சிக் நகரில் குடியேறிய பிறகு, 2016 தொடங்கி நான்கு முறை அம்மாவை அங்கே அனுப்பியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் இரண்டரை மாதம் இருந்துவிட்டு வருவார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது; சுகரும் பிரஷரும் வெகுநாளாக உண்டு. பாலிசி எடுப்பது, மாத்திரை வாங்கிக் கட்டுவது எல்லாம் என் பொறுப்பு.

முதல் தடவை விசாவுக்காகத்தான் பாலிசி எடுத்தோம். ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். அது ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும், தங்கும் நாள் முழுக்கச் செல்ல வேண்டும். இருப்பதிலேயே மலிவானதை ஏஜென்ட் போட்டுக் கொடுத்தார். ஏற்கெனவே நோய் உண்டா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று அவரே குறித்தார். "சொன்னா பிரீமியம் ஏறும் சார்" என்றார். நானும் விட்டுவிட்டேன். அந்தப் பயணம் நல்லபடியாக முடிந்ததால் 2018-லும் அதையே செய்தேன்.

அந்த முறை அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. காய்ச்சல் ஏறி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் நெடுநாள் நீரிழிவு என்று இருந்தது. நோயை மறைத்ததாகச் சொல்லி கிளைமை நிராகரித்துவிட்டார்கள். பணம் முழுவதும் தங்கையின் சேமிப்பிலிருந்து போயிற்று. படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டதை அவளிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

அதற்குப் பிறகு எடுத்த இரண்டு பாலிசிகளிலும் சுகர், பிரஷர் இரண்டையும் எழுதினேன். பிரீமியம் கூடத்தான் ஆயிற்று. இப்போதெல்லாம் காப்பீட்டுத் தொகையைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில், ஏற்கெனவே உள்ள நோய் பற்றிய பத்தியைத் தேடிப் படிக்கிறேன். பல பாலிசிகளில் அதற்கு உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும்தான் பணம் கிடைக்கும். அதற்கும் தனி உச்சவரம்பு வைத்திருப்பார்கள். வயதானவர்களுக்கு அறை வாடகைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று பிரித்து வைப்பதும் உண்டு. அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையை நம்பினால் இதெல்லாம் கண்ணில் படாது.

2024-ல், போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் அம்மா மயங்கி விழுந்தார். கோடையில் அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். பயண அசதியில் சரியாகச் சாப்பிடாமல், வழக்கமான சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். தங்கை 112-க்கு அழைத்தாள். ஆம்புலன்ஸ் கிளம்பியதுமே பாலிசியில் இருந்த உதவி எண்ணுக்கும் பேசிவிட்டாள். நாம் ஏற்க வேண்டிய தொகை போக மீதியை அவர்களே ஆஸ்பத்திரிக்குக் கட்டினார்கள். பல பாலிசிகள் உடனே தகவல் சொல்லச் சொல்கின்றன. அதனால் அந்த எண் அம்மாவின் கைப்பையிலும் தங்கை வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் இருக்கிறது. அவசரமில்லாத காய்ச்சலுக்கு அங்கே 116117 என்று தனி எண் உண்டு, அதையும் கீழே எழுதியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் சுகர் 2.6 என்றார்களாம். தங்கை பதறிப்போய் எனக்குப் போன் செய்தாள். ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் வேறு அளவையில் சொல்வார்கள். 18-ஆல் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கு வரும். அதாவது ஏறக்குறைய 47. எப்படியும் பயப்பட வேண்டிய அளவுக்குக் குறைவுதான்.

இனி அடுத்த பயணத்துக்கு, விமானத்தில் போகும் நாளிலும் அதற்கு மறுநாளும் எந்த மாத்திரை எப்போது என்று டாக்டரிடம் எழுதி வாங்கப் போகிறேன். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப் பெயரும் இருக்க வேண்டும்; இங்குள்ள கம்பெனிப் பெயரைச் சொன்னால் அங்கே மருந்துக் கடையில் புரியாது. இன்சுலின் பேனா எப்போதும் கைப்பையில்தான். பெட்டியில் போட்டு அது உறைந்துவிட்டால் வீண்.

நான் பார்த்த பாலிசிகள் எதிலும் வழக்கமான செக்கப்புக்குப் பணம் கிடையாது. பல்லுக்கு, திடீர் வலி என்றால் மட்டும் கொஞ்சம் தருவார்கள். அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருக்கிறது. டிக்கெட் போடுவதற்கு முன் அதை இங்கேயே பிடுங்கிவிடலாம் என்றேன், சரி என்றிருக்கிறார்.